கூகுளில் விளம்பரம் போட்டால் போன் அடிக்குமா? மலையகத்துச் சிறு தொழில்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன் டவுனில் பிரின்டிங் கடை வைத்திருக்கிறேன். விசிட்டிங் கார்ட் அடிக்க வருபவர்கள் பேச்சோடு பேச்சாக, "தம்பி, கூகுள்ல போட்டா நிறைய கோல் வருமாமே?" என்று கேட்பார்கள். வேன்காரர், கராஜ் பாஸ், கெஸ்ட் ஹவுஸ் முதலாளி, கீசர் திருத்துபவர், டியூஷன் சேர் என்று ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. சிலருக்கு நானே விளம்பரம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் கடைக்குப் போட்டுக் காசைக் கரியாக்கியும் இருக்கிறேன். காதில் விழுந்த கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன். ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை, அதனால் மேலிருந்து வாசித்தால் நல்லது.

பேஸ்புக்ல போஸ்ட் பூஸ்ட் பண்றதும் இதுவும் ஒன்னுதானே?

இல்லை. பேஸ்புக்கில் ஒருவர் கல்யாணப் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் விளம்பரம் குறுக்கே வருகிறது. கூகுள் தேடலில் அவரே உங்களைத் தேடி வருகிறார். கினிகத்தேனை வளைவில் வண்டி சூடாகி நின்றுவிட்டால் யாரும் பேஸ்புக்கைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். போனை எடுத்து "பக்கத்தில் கராஜ்" என்று தேடுவார்கள், முதலில் தெரியும் கோல் பட்டனை அமுக்குவார்கள். அந்த முதல் இடத்தில் நிற்கத்தான் இந்த விளம்பரம்.

2000ஆம் ஆண்டில் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் வந்தது, 2018இலிருந்து கூகுள் ஆட்ஸ். பழைய வீடியோக்களில் ஆட்வேர்ட்ஸ் என்று சொன்னால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

எப்ப காசு வெட்டும்? சும்மா காட்டினாலும் வெட்டுமா?

தேடல் விளம்பரத்தில் காட்டுவதற்குக் காசில்லை, அமுக்கினால்தான் காசு. தலைப்பை அமுக்கி உங்கள் பக்கத்துக்குப் போனாலும் சரி, கோல் பட்டனை அமுக்கினாலும் சரி, ஒரு கிளிக் என்றே கணக்கு. பட்டனை அமுக்கியதும் அவருடைய போனில் எண் ஏறி நிற்கும். அவர் டயல் பண்ணாமல் விட்டாலும் காசு போனது போனதுதான். நீங்கள் போனை எடுக்காவிட்டாலும் அப்படியே.

விலையை ஏலம் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் அந்த நொடியிலேயே ஒரு ஏலம் நடக்கும். கூடக் கேட்டவர் மட்டும் வெல்வதில்லை. விளம்பரம் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது, அமுக்கியபின் வரும் பக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் கூகுள் பார்க்கிறது. நறுக்கென்று எழுதியவர் குறைந்த காசில் மேலே நிற்க முடியும்.

காசு போடாம ஒன்னுமே பண்ண முடியாதா?

முடியும், அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். கூகுள் மேப்பில் உங்கள் தொழிலைப் பதிவுசெய்வது இலவசம். பெயர், எண், திறக்கும் நேரம், நாலு நல்ல படம், அவ்வளவுதான். மேப்பில் வரும் கோல் பட்டனுக்கு யாரும் காசு கேட்பதில்லை. இதைச் செய்யாமல் விளம்பரத்துக்கு ஓடுவது, கடைக்குப் பெயர்ப்பலகை போடாமல் நோட்டீஸ் அடித்த கதை.

ஒன்று கவனியுங்கள். அந்தப் பதிவோடு கூகுள் முன்பு ஒரு சின்ன வெப்சைட்டும் இலவசமாகத் தந்தது. 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். இன்னும் சிலரின் கார்டில் அந்த முகவரி இருக்கிறது. இருந்தால் மாற்றுங்கள். என்னிடம்தான் அடிக்க வேண்டும் என்றில்லை.

வெப்சைட் இல்லையே, நம்பர மட்டும் போட்டுச் செய்ய முடியாதா?

கோல் மட்டும் செய்யும் விளம்பரம் என்று ஒரு வகை 2015இலிருந்து இருந்தது. கூகுள் இப்போது அந்த வகையைக் கைவிட்டுவருகிறது. இனிப் புதிதாகத் தொடங்குபவர் சாதாரண தேடல் விளம்பரம் போட்டு, அதனோடு போன் எண்ணை இணைக்க வேண்டும். அப்படியானால் ஒரு பக்கமாவது தேவை.

பயப்பட வேண்டாம், ஒரே ஒரு பக்கம் போதும். மேலே என்ன தொழில், எந்த ஊர். அதன் கீழே பெரிதாக, விரலால் அமுக்கக்கூடிய கோல் பட்டன். அப்புறம் நேரம், விலை எங்கிருந்து தொடங்குகிறது, இரண்டு படம். விளம்பரத்தில் போடும் எண் அந்தப் பக்கத்திலும் இருக்கட்டும், எண் உங்களுடையதுதானா என்று கூகுள் அங்கேயும் சரிபார்க்கும். எண்ணைப் படமாகப் போடாதீர்கள். படத்தை அமுக்கினால் கோல் போகாது, பார்ப்பவர் மனப்பாடம் பண்ணி அடிக்கவும் மாட்டார்.

தோட்டப் பக்கம் டேட்டா ஊர்ந்துதான் வரும். பக்கம் லேசாக இருக்கட்டும். ட்ரோன் வீடியோ ஓடும் பக்கம் திறக்குமுன் ஆள் போய்விடுவார்.

விளம்பர வரியிலேயே 077 நம்பர எழுதிட்டா கிளிக் காசு மிச்சம்தானே?

எல்லோருக்கும் வரும் யோசனைதான். தலைப்பிலோ விவரத்திலோ போன் எண் எழுத விடமாட்டார்கள், விளம்பரம் நிராகரிக்கப்படும்.

லேண்ட்லைன் போடவா, மொபைல் போடவா?

கெஸ்ட் ஹவுஸ், கிளினிக், வகுப்பு மாதிரி ஓரிடத்தில் இருக்கும் தொழில் என்றால் 051, 052, 055, 057 என்று ஊர்க் குறியீட்டோடு தொடங்கும் எண்ணுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அந்த ஊரிலேயே இருக்கும் ஆள் என்று பார்த்ததும் தெரிகிறது. வண்டியோடு அலைபவருக்கு மொபைல்தான்.

மலையில் மொபைல் என்றால் சிக்னல் பிரச்சினை கூடவே வரும். டவுனில் நாலு கோடு காட்டும் போன், பள்ளத்தில் இறங்கியதும் செத்துவிடும். அந்த நேரத்தில் வரும் கோல் வேறொரு போனுக்குப் போகும்படி வைக்கலாம். **62* என்று தொடங்கி, மற்ற எண்ணையும் அடித்து, # போட்டு டயல் செய்தால், உங்கள் போன் எட்டாதபோது அழைப்பு அங்கே திரும்பும். **61* என்றால் நீங்கள் எடுக்காதபோது திரும்பும். திருப்பிவிடும் அழைப்புக்கான கட்டணம் உங்கள் சிம்மில்தான் விழும், ரீலோட் இருக்கட்டும். வீட்டில் இருக்கும் அக்காவோ மகனோ எடுத்து, "வண்டி ஓட்டிட்டு இருக்காரு, பத்து நிமிசத்துல எடுப்பாரு" என்று சொன்னாலே பாதிப் பேர் காத்திருப்பார்கள்.

முடிந்தால் விளம்பரத்துக்கென்று தனி சிம் ஒன்று எடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தமிழ்ல எழுதவா, இங்கிலீஷ்லயா? நம்ம ஆளுங்க எப்படித் தேடுறாங்க?

கூகுள் ஆட்ஸ் தமிழை 2018இலிருந்து ஏற்கிறது. ஆனால் நம் ஆட்கள் தமிழில் பேசி, ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். போனின் மொழியும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அதனால் மொழித் தேர்வில் தமிழை மட்டும் வைத்துவிட்டு கோல் வரவில்லையே என்று உட்காராதீர்கள், இரண்டையும் வையுங்கள். தமிழ் விளம்பரம் ஒரு குழுவாகவும், ஆங்கில விளம்பரம் இன்னொரு குழுவாகவும் இருந்தால் எது உழைக்கிறது என்று பார்க்கலாம்.

ஊர்ப் பெயர்தான் உண்மையான தலைவலி. ஒரே மலையை ஒருவர் சிவனொளிபாதமலை என்று தேடுவார், இன்னொருவர் ஸ்ரீ பாத என்பார், வெள்ளைக்காரர் அடம்ஸ் பீக் என்பார். நல்லதண்ணி என்றும் வரும், நல்லதண்ணிய என்றும் வரும். நுவரெலியாவை ஆங்கிலத்தில் சேர்த்து அடிப்பவர்கள், பிரித்து அடிப்பவர்கள், ஓரெழுத்தை விழுங்குபவர்கள் எல்லோரும் உண்டு. சின்ன எழுத்துப் பிழையைக் கூகுளே புரிந்துகொள்ளும். பெயரே வேறு என்றால் நீங்கள்தான் கீவேர்டாக, அதாவது எதைத் தேடினால் விளம்பரம் வர வேண்டும் என்று நீங்கள் கொடுக்கும் சொல்லாக, சேர்க்க வேண்டும். ஒரு நாள் உங்கள் கடைக்கு வருகிறவர்களிடம், "என்னத்த அடிச்சுத் தேடுனீங்க?" என்று கேட்டு எழுதி வையுங்கள். யூடியூப் வீடியோவில் கிடைக்காத பட்டியல் அதில் கிடைக்கும்.

தமிழில் எழுதும்போது இடம் பற்றாது. ஒரு தலைப்புக்கு 30 எழுத்து, ஒரு விவர வரிக்கு 90. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்கில் ஏறும். சிவனொளிபாதமலை நம் கண்ணுக்கு 8 எழுத்து, அந்தப் பெட்டிக்கு 13. 15 தலைப்பு வரை கொடுக்கலாம், கூகுள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். "தரமான சேவை" என்று எழுதி ஒரு தலைப்பையும் வீணாக்காதீர்கள். "ஹட்டனில் இரவிலும் வேன்" என்பதற்குத்தான் விரல் போகும்.

எத்தனை கிலோமீட்டர் சுத்திக் காட்டணும்?

சமவெளி ஊர்க்காரர் 20 கிலோமீட்டர் வட்டம் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். நமக்கு அது சரிவராது. அந்த வட்டம் காகம் பறக்கும் கணக்கு. ஹட்டனைச் சுற்றி 20 கிலோமீட்டர் போட்டால் சிவனொளிபாதமலைக்கு அந்தப் பக்கத்து இரத்தினபுரி மாவட்டச் சரிவும் உள்ளே வந்துவிடும். அங்கே நிற்பவர் அழைத்தால் நீங்கள் மலையைச் சுற்றிக்கொண்டு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வீர்கள்? அதனால் வட்டத்தைவிட ஊர் ஊராகத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, தலவாக்கலை என்று ரோடு போகும் வழியே போங்கள். தனியாகக் கிடைக்காத ஊருக்குச் சின்ன வட்டம் போடலாம். சிக்னல் பலவீனமான இடத்தில் ஆள் எங்கே நிற்கிறார் என்ற கூகுளின் ஊகமும் தப்பலாம், கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள்.

இன்னொரு அமைப்பு ஒளிந்திருக்கிறது. நீங்கள் தொடாமல் விட்டால், அந்த இடத்தில் இருப்பவர்களோடு, அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்களுக்கும் விளம்பரம் போகும். கராஜ், பிளம்பர், ஓட்டோ என்றால் அங்கே இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். கெஸ்ட் ஹவுஸ், டூர் வேன் என்றால் மாற்றாதீர்கள். எல்லவில் ரூம் தேடுபவர் எல்லவில் இருப்பதில்லை, கொழும்பில் ஆபீஸில் உட்கார்ந்து தேடுகிறார்.

நாள் முழுக்க ஓட விடலாமா?

போன் எடுக்க ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் ஓட விடுங்கள். எடுக்காத கோலுக்கும் காசு என்று இரண்டாவது கேள்வியிலேயே சொன்னேன். விளம்பரத்துக்கும் நேரம் குறிக்கலாம், கோல் பட்டனுக்கு மட்டும் தனியாகவும் குறிக்கலாம். இரவில் விளம்பரம் தெரியட்டும், பட்டன் வேண்டாம், பக்கத்தைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப் போடட்டும் என்று நினைத்தால் இரண்டாவது வழி.

எது நல்ல நேரம் என்பது தொழிலைப் பொறுத்தது. டிசம்பர் போயாவிலிருந்து மே மாதம் வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன். சூரியோதயம் பார்க்க இரவோடு இரவாக ஏறுபவர்கள் நடுச்சாமத்தில்தான் வேன் தேடுவார்கள். அந்த மாதங்களில் ராத்திரி எடுக்க ஆள் இருந்தால், போட்டியாளர்கள் தூங்கும் நேரத்தில் உங்களுக்கு ஹயர். நுவரெலியா ரூம்காரர்களுக்கு ஏப்ரல் சீசன். ஆனால் ரூம் நிறைந்தபின்னும் விளம்பரத்தை ஓட விட்டு, "ரூம் இல்ல" என்று சொல்வதற்குக் காசு கட்டிய ஒரு முதலாளியை எனக்குத் தெரியும்.

கணக்கு திறக்கும்போது நேர வலயத்தைப் பாருங்கள். ஒருவருக்கு டுபாயில் இருக்கும் மருமகன் அன்பாகக் கணக்குத் திறந்து கொடுத்திருந்தார். காலை 7 மணிக்குத் தொடங்க வேண்டிய விளம்பரம் தினமும் எட்டரைக்குத்தான் தொடங்கியது. மூன்று வாரம் தேடிக் கண்டுபிடித்தோம். எந்த நாட்டுப் பணம் என்பதையும் அப்போதே சரியாகத் தேர்ந்தெடுங்கள், பிறகு மாற்ற முடியாது.

கொம்பியூட்டர்ல தேடுறவங்களுக்கும் காட்டணுமா?

பிரேக்டவுன், டாக்சி, பிளம்பர் என்றால் வேண்டாம். கருவி அமைப்பில் கொம்பியூட்டருக்கும் டேப்லெட்டுக்கும் 100 வீதம் குறைத்தால் மொபைலில் மட்டும் ஓடும். ரூம், டூர் என்றால் வைத்திருங்கள். ஆபீஸ் கொம்பியூட்டரில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் போனில் அழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

நாளைக்கு 500 ரூபான்னு போட்டேன், 900 வெட்டிடுச்சே!

மோசடி இல்லை, அவர்களுடைய விதி அப்படி. தேடுபவர்கள் கூடிய நாளில் நீங்கள் குறித்ததைப்போல் இரண்டு மடங்கு வரை எடுக்கலாம். மாதக் கணக்கில் அந்தத் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டமாட்டார்கள். 500 என்றால் மாதம் 15,200. அந்தத் தொகை போனால் தாங்குமா என்று பார்த்து நாள் கணக்கை வையுங்கள்.

கணக்குத் தொடங்கும்போது டிஸ்ப்ளே நெட்வொர்க் (மற்றவர்களின் வெப்சைட், ஆப்களில் காட்டுவது), தேடல் பார்ட்னர் (கூகுள் அல்லாத தேடல் தளங்களில் காட்டுவது) என்று இரண்டு டிக் ஏற்கெனவே போட்டு வரும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் யாரோ கேம் விளையாடும்போது தவறி அமுக்கியதற்கும் நீங்கள் கட்டுவீர்கள்.

கிளிக் நிறைய வருது, கோல் வரல. ஏன்?

தேடல் சொற்கள் அறிக்கையைத் திறந்து பாருங்கள். மக்கள் உண்மையில் என்ன தேடியபோது உங்கள் விளம்பரம் வந்தது என்று அதில் இருக்கும். வேன் ஹயர் போட்ட ஒருவருக்கு "பதுளை ரயில் நேரம்", "ஹட்டன் பஸ் கட்டணம்", "டிரைவர் வேலை", "வேன் விற்பனைக்கு" என்று வந்து குவிந்திருந்தது. நேரம், பஸ், வேலை, விற்பனைக்கு, இலவசம் என்ற சொற்களை எதிர்மறைக் கீவேர்டாக, அதாவது தேடலில் அவை இருந்தால் விளம்பரத்தைக் காட்டாதே என்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டோம். கிளிக் பாதியாகக் குறைந்தது, கோல் குறையவில்லை. முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு தடவையாவது இந்த அறிக்கையைப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து, இந்த விளையாட்டில் காசு மிச்சமாகும் இடம் இதுதான்.

அது சரியாக இருந்தும் கோல் இல்லையென்றால் பக்கத்தைப் பாருங்கள். நாலாவது கேள்வியில் சொன்ன பட்டன் முதல் திரையிலேயே தெரிகிறதா? உங்கள் புது போனில் இல்லை, வீட்டிலுள்ள பழைய போனில் திறந்து பாருங்கள்.

என் போன்ல தேடினா என் விளம்பரமே வரல!

தேடாதீர்கள். நீங்கள் தேடித் தேடி அமுக்காமல் விட்டால், இது யாருக்கும் பிடிக்காத விளம்பரம் என்று கூகுள் கணக்கு வைக்கும். அமுக்கினால் உங்கள் காசு. கணக்குக்குள்ளேயே முன்னோட்டக் கருவி இருக்கிறது, அதில் ஊரையும் மொபைலையும் தேர்ந்து பாருங்கள். கோல் பட்டன் சில தேடலில் வந்து சில தேடலில் வராமல் இருப்பதும் வழமைதான், இடமும் தரமும் பார்த்து அதைக் காட்டுவதா என்று கூகுள் முடிவெடுக்கும்.

எந்தக் கோல் விளம்பரத்துல வந்ததுன்னு எப்படித் தெரியும்?

கணக்கில் அழைப்பு அறிக்கை என்ற வசதி கிடைத்தால் போடுங்கள். கூகுள் தன் எண் ஒன்றைக் காட்டி, அழைப்பை உங்களுக்குத் திருப்பி, எத்தனை நொடி பேசினார்கள் என்று எழுதி வைக்கும். 60 நொடிக்கு மேல் பேசினால்தான் உருப்படியான அழைப்பு என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு, அதை மாற்றலாம். ஹயர் பேச நமக்கு 30 நொடி போதும்.

அந்த வசதி உங்கள் கணக்கில் காணப்படாவிட்டால், முன்பு சொன்ன தனி சிம்மைப் போடுங்கள். இரண்டு சிம் போடும் போனில் இரண்டாவது சிம்முக்கு வேறு ரிங்டோன் வையுங்கள். அந்தச் சத்தம் வந்தால் விளம்பரக் கோல். பக்கத்தில் ஒரு கொப்பி: திகதி, எந்த ஊர், என்ன கேட்டார், வேலை கிடைத்ததா. கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கிளிக் 40 ரூபா, 1,000 ரூபாவுக்கு 25 கிளிக், அதில் 5 கோல், அதில் 2 ஹயர் என்றால் ஒரு ஹயருக்கு விளம்பரச் செலவு 500. அந்த ஹயரில் டீசல் போக எவ்வளவு நிற்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

"எல்லாத்தையும் ஆட்டோமேட்டிக்கா விடு"ன்னு கூகுள் கேட்டுக்கிட்டே இருக்கே?

தானாக விலை கேட்கும் முறை, முன்பு கிடைத்த கோல்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வது. மாதம் பத்துக் கோல் வரும் கணக்கில் அது கற்க ஒன்றுமில்லை. முதலில் கிளிக் கூடுதலாக்கும் முறையில், ஒரு கிளிக்குக்கு உச்ச விலை குறித்து ஓட்டுங்கள். கோல்கள் சேர்ந்து, அவை சரியாகப் பதிவாகவும் தொடங்கியபின் மாற்றிப் பார்க்கலாம். பரிந்துரைகள் தானாகவே அமுலாகும் அமைப்பையும் நிறுத்திவையுங்கள். அதில் வரும் "கீவேர்டை அகலமாக்கு" என்ற யோசனையால்தான் ரயில் நேரம் தேடுபவர்கள் திரும்ப வருவார்கள்.

பக்கத்துக் கடைக்காரன் வேணும்னே என் விளம்பரத்த அமுக்குறான், என்ன செய்ய?

அமுக்குவது அவர்தான் என்று எப்படித் தெரியும்? பெரும்பாலும் சந்தேகம்தான். ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வரும் கிளிக்கைக் கூகுள் வடிகட்டுகிறது, பிந்திக் கண்டுபிடித்தால் காசைக் கணக்கில் திருப்பிப் போடுகிறது. கணக்கின் அட்டவணையில் செல்லாத கிளிக் என்ற நிரலைச் சேர்த்தால் எண்ணிக்கை தெரியும். அவருடைய ஐபி முகவரியை, அதாவது இன்டர்நெட்டில் அவருடைய இணைப்பைக் காட்டும் எண்ணை, தடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மொபைல் இன்டர்நெட்டில் பலர் ஒரே முகவரியைப் பகிர்கிறார்கள். அவரைத் தடுக்கப் போய் வாடிக்கையாளரையும் சேர்த்துத் தடுப்பீர்கள்.

சரி, அவன் கடைப் பேரையே நான் கீவேர்டா போட்டா?

கீவேர்டாகப் போடக் கூகுள் விடும். அந்தப் பெயர் பதிவுசெய்த வர்த்தகக் குறியாக இருந்து அவர் முறைப்பாடு செய்தால், விளம்பர வரியில் அதை எழுத முடியாமல் போகும். ஆனால் அவரைத் தேடி அழைப்பவர் உங்கள் குரலைக் கேட்டதும், "இது அவங்க இல்லையா?" என்று வைத்துவிடுவார். சின்ன டவுன், நாளைக்குச் சந்தையில் முகம் பார்க்க வேண்டும். நான் போட்டுக் கொடுப்பதில்லை.

கோல் வருது, பேசுறாங்க, ஆனா வேலை கிடைக்கல. விளம்பரம் சரியில்லையா?

இங்கே விளம்பரம் தன் வேலையை முடித்துவிட்டது. அழைப்பவர் தேடல் பக்கத்தில் இன்னும் மூன்று எண்ணைப் பார்த்துக்கொண்டுதான் உங்களிடம் பேசுகிறார். "ஹலோ, யாரு?" என்று எடுத்தால் தவறான எண் என்று நினைப்பார். தொழிலின் பெயரைச் சொல்லி எடுங்கள். விலையைக் கேட்டால் "நேர்ல வாங்க பேசலாம்" வேண்டாம். ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு இவ்வளவு, நுவரெலியாவுக்கு இவ்வளவு என்று ஒரு காகிதத்தில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்கள். கொழும்பிலிருந்து வரும் கோல் சிங்களத்தில் வரும், எல்லப் பக்கம் வருவது ஆங்கிலத்தில் வரும். அந்த மொழி பேசும் ஆள் எடுக்கும் நேரத்தில் அந்தப் பக்கத்துக்கான விளம்பரத்தை ஓட விடுங்கள்.

மிஸ்ட் கோலைப் பத்து நிமிடத்துக்குள் திருப்பி எடுங்கள். என்னிடம் விளம்பரம் போட்ட ஒரு கீசர் பாஸ், கோலே வரவில்லை என்று சண்டைக்கு வந்தார். அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன், அந்த வாரம் மட்டும் 11 மிஸ்ட் கோல். வேலை செய்யும்போது தண்ணீர் படும் என்று போனை வண்டிக்குள் வைத்துவிட்டுப் போவாராம். இப்போது அந்த சிம் அவருடைய மனைவியிடம் இருக்கிறது.